மெத்தைக் கடைப் பலகையில் உறவுமுறை

செக்காலை ரோட்டில் நான் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் என் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி உண்டு. படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். பக்கத்துக் கடை, மெத்தைக் கடை. அதன் முதலாளி ஐம்பதைத் தாண்டியவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் உறவு கிடையாது.

அவருக்கு 'எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்' என்று ஒரு பலகை செய்து கொடுத்தேன். மூன்று பேர் படம். படங்கள் அவர் கொடுத்தவை. அவர்கள் சொன்னதாகப் போட்ட வார்த்தைகள் நான் எழுதியவை. 'படுத்ததுதான் தெரியும், எழுந்தபோது விடிந்திருந்தது.' 'என் முதுகு எனக்குத் திரும்பக் கிடைத்தது.' எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். முதல் படத்தில் இருந்தவர் அண்ணனுடைய தங்கையின் கணவர். இரண்டாமவர் அதே கடையில் மெத்தை தைப்பவர். மூன்றாமவர் கொத்தமங்கலத்திலிருந்து வந்து, உண்மையிலேயே மெத்தை வாங்கிப்போன ஒரு பெரியவர்.

பலகை வைத்த வாரமே ஒருவர் வந்தார். பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று மூன்று பேரையும் நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே வந்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"மொதப் படத்துல இருக்கவரு ஒங்க மாப்பிள்ளைதானே?"

"ஆமா சார்."

"அத ஏன் போடல? வீடு வாங்குனா வில்லங்கம் போட்டுப் பாக்குறோம். ஒருத்தர் பாராட்டுறாருன்னா அதுக்கும் வில்லங்கம் பாக்க வேணாமா? அவரு ஒங்களுக்கு யாரு, மெத்தைய வெல குடுத்து வாங்குனாரா, சும்மா வாங்குனாரா, இதெல்லாம் தெரிஞ்சாத்தானே படிக்கிறவன் யோசிக்க முடியும்? மறைச்சா ஏமாத்துறதுதான். புகார் குடுத்தா நிக்கும்."

குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அண்ணனுக்குப் பயமாகிவிட்டது. மெத்தை உறைக்குத் துணி அளக்கும்போது நாலு விரல் கூடுதலாக விட்டுக் கொடுக்கிற மனிதர் அவர். ஏமாற்று என்ற சொல் தன் கடைக்குள் வந்ததை அவரால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, எல்லாத்தையும் போட்ரு. ஒண்ணையும் மறைக்காத."

போட்டேன். முதல் படத்துக்குக் கீழே, 'கடை உரிமையாளரின் தங்கை கணவர். மெத்தையை இலவசமாகப் பெற்றவர்.' இரண்டாவது, 'இக்கடையில் சம்பளம் வாங்குபவர்.' மூன்றாவது, 'கடை உரிமையாளருக்கு உறவு இல்லை. முழு விலை கொடுத்தவர்.' நான் பொடி எழுத்தில்தான் வைத்தேன். பாராட்டு எந்த அளவோ இதுவும் அதே அளவில் வேண்டும் என்று அண்ணன் மாற்றச் சொல்லிவிட்டார்.

மெத்தை தைப்பவர் மட்டும் சந்தோஷப்பட்டார். அவர் அங்கே வேலை பார்ப்பது எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை என்று போனில் படம் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்து பைக்கை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"இலவசமா? அது எனக்குக் கல்யாணத்துக்கு வச்ச சீரு. சீருக்கும் இனாமுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் பொண்ணு குடுத்தீகளா?"

"கோவிச்சுக்கிடாதீக மாப்ள. இப்பவே மாத்திருவோம்."

'திருமணச் சீராகப் பெற்றவர்' என்று மாற்றினேன். மாப்பிள்ளை என் கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்தார். "கட்டிலும் வச்சாக. அதையும் போடுங்க" என்றார். அதையும் சேர்த்த பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கேட்டார்.

அடுத்தது கொத்தமங்கலத்துப் பெரியவர். ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்.

"உறவு இல்லைன்னு யாரு முடிவு பண்ணுனது? பலகையப் பாத்துட்டு வந்தவுக, ஒங்களுக்கும் அவருக்கும் என்ன தகராறுன்னு எங்கிட்ட கேக்குறாக. நான் என்ன சொல்ல?"

அண்ணன் அவரை ஒரு புது மெத்தையில் உட்கார வைத்து மறுமுனையில் தானும் உட்கார்ந்தார். விசாரணை தொடங்கியது.

"ஒங்க ஆத்தா பெறந்த ஊரு எது?"

"மானகிரி."

"மானகிரியில எந்த வீடு? கெணத்தடி வீடா?"

"அதுக்கு அங்குட்டு அடுத்த வீடு."

"அந்த வீட்டு மூத்த பையனுக்குத்தான எங்க அப்பாவோட அத்தையக் குடுத்தாக."

"அவரு எங்க தாய்மாமன்ல. அப்ப எங்க அத்தைதான் ஒங்க அப்பாவுக்கும் அத்தையா?"

தலையணை வாங்க வந்து காத்திருந்த ஒரு அம்மா, மூத்த பையன் இல்லை, இரண்டாவது பையன் என்று திருத்தினார். எப்படிப் பார்த்தாலும் பெரியவர் அண்ணனுக்குப் பெரியப்பா முறை. அண்ணன் சட்டென்று மெத்தையிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

இப்போது பலகையில், 'பெரியப்பா முறை. மெத்தை வாங்கியபோது இது இருவருக்கும் தெரியாது' என்று வந்தது.

பத்திரப்பதிவுக்காரர் மறுபடி வந்து படித்தார். "அப்ப வெளியாள்னு ஒருத்தர்கூட இல்ல" என்றார். பிறகு, "இந்த வாசகமெல்லாம் இவுகளே சொன்னதா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டதுபோல் நான் கையைத் தூக்கினேன். எத்தனையோ பேர் வாயில் எத்தனையோ வார்த்தைகளைப் போட்டிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. 'வாசகம்: பக்கத்து ஃப்ளெக்ஸ் கடை' என்று ஒரு வரி கூடியது.

"வெளியாள் நீங்க இருக்கீகளே சார்" என்றார் அண்ணன். "பத்து நாள் படுத்துப் பாத்துட்டு, மனசுல பட்டத எழுதிக் குடுங்க."

அவர் நெடுநேரம் யோசித்துச் சம்மதித்தார். மெத்தை லோடு ஆட்டோவில் போனது. பத்து நாள் கழித்து மெத்தையும் மூன்று தாள்களும் திரும்பி வந்தன. தாள்களில் பாதிக்கு மேல், தான் எப்படிப்பட்ட சாட்சி என்பதுதான். 'மெத்தை வாடகையின்றிக் கொடுக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்தவர் கையில் கடைக்காரர் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது, நான்கு சாப்பிட்டேன். என் மனைவியும் படுத்தார். அவர் கருத்து இதில் சேராது. கடைக்காரருக்கும் எனக்கும் உறவு உண்டா என்று விசாரித்தேன்; இதுவரை அகப்படவில்லை.' கடைசியில் இரண்டே வரி: 'மெத்தை நன்றாக இருக்கிறது. முதுகுவலி முன்பு போலவே இருக்கிறது.'

"அண்ணே, ரெண்டாவது வரிய மட்டும் எடுத்துருவோமா?" என்று கேட்டேன்.

"வேணாம் தங்கச்சி. எடுத்ததையும் போடச் சொல்லுவாரு."

அத்தனையும் ஏற்றியதில் பலகை பாதி வாசலை அடைத்துக்கொண்டது. உள்ளே போக வேண்டியவர்கள் ஒருக்களித்துத்தான் போனார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நியூஸ் பேப்பர் மாதிரி அதைப் படித்தார்கள். இனி யாரும் மெத்தை வாங்க மாட்டார்கள் என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். அந்தம்மா முதல் வரியிலிருந்து அதிரசம் வரை வாய்விட்டுப் படித்தார். பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"வலி போகலன்னு இவுகளே எழுதி வச்சிருக்காக. இங்கயே வாங்கிருவோம்."

ஆறடிக்கு நாலடியில் ஒரு மெத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணன் பில் புத்தகத்தை எடுத்தவர், பேனாவைத் திறக்காமல் அவர்களையே பார்த்தார்.

"ஒங்களுக்கு எந்த ஊரு?"

"மொதல்ல பில்லப் போடுங்கண்ணே" என்றார் அந்தம்மா. "அப்புறமா விசாரிப்பீக."