அணைக்கக் கூடாத பெட்டி

"உள்ள என்னடி டக் டக்குன்னு அடிக்குது?" என்று அத்தை கேட்டபோது நான் குனிந்து அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. எந்த இயந்திரம் லேசாக முனகினாலும் அவர் காது அங்கே திரும்பிவிடும். அவர் வீட்டில், கவிழ்த்துப் போட்ட சலவைக் கூடையின் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடும். கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டுக்கான சர்வர் அது. இணையம் வழியாக எங்கிருந்தும் பலர் உள்ளே வந்து விளையாடலாம். ஆனால் வருவது இரண்டே பேர்: அத்தையும் அவர் மகனும், அதாவது என் அத்தானும்.

அத்தான் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. போனை எடுப்பதில்லை. எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. சின்ன வயதில் அவரும் அத்தையும் அந்த விளையாட்டில் கட்டிய வீடு ஒரு பழைய லேப்டாப்பில் கிடந்தது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, அந்த வீட்டை வைத்து அத்தை தானே இந்த சர்வரை அமைத்து, அதற்கான முகவரியை அத்தானின் எண்ணுக்கு அனுப்பினார். பதில் இல்லை. ஆனால் சில நாளில் அந்த வீட்டு வாசலில் ஒரு புது விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து அத்தை பெட்டியை அணைத்ததே இல்லை. மனுஷருக்கு ஒரு ஃபேன், பெட்டிக்கு ரெண்டு ஃபேனா என்று அப்பா கிண்டல் செய்வார். அத்தை காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்தப் பெட்டிக்குள்தான் இப்போது டக், டக். தேடிப் படித்தேன். ஹார்ட் டிஸ்க் சாகும் சத்தம். அணைத்தால் மறுபடி எழாமலே போகலாம். தினமும் நகல் எடுக்கும்படி வைத்திருக்கிறேனே என்றார் அத்தை. திறந்து பார்த்தேன். நகல்களும் அதே டிஸ்க்கில்தான் இருந்தன. மாற்றுச்சாவி செய்து அதையும் அதே கொத்தில் மாட்டியது போல.

பென்டிரைவைச் செருகி எல்லாவற்றையும் நகலெடுக்கத் தொடங்கினேன். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது. அத்தை என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது போச்சுன்னா, அம்மா கதவச் சாத்திட்டான்னு நெனச்சுக்குவான்டி."

அப்போது திரையின் மூலையில் அத்தானின் பெயர் தோன்றியது. அத்தை வீட்டில் இருக்கும் நேரத்தில் அவர் வந்ததே இல்லை. அவர் ஒரு கட்டையை நகர்த்தினாலும் டிஸ்க் அதை எழுத வேண்டும். அவரை வெளியே தள்ளிவிடட்டுமா என்று கேட்டேன்.

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிடறேன்."

அத்தை விளையாட்டின் சாட்டில் ஒற்றை விரலால் தட்டினார்: "டிஸ்க் சாகுது கண்ணு. எதையும் தொடாத. போயிடாத."

அத்தானின் உருவம் வாசலில் அசையாமல் நின்றது. டக். டக். பிறகு எழுத்துகள் வந்தன.

"அணைச்சிடாதீங்கம்மா. பழைய நகலெல்லாம் விடுங்க. நம்ம வீடு இருக்கற ஃபோல்டர மட்டும் எடுங்க."

அப்படியே செய்தேன். கோடு கடைசியைத் தொட்டது. அவர் மறுபடி எழுதினார்: "எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. என் அட்ரஸ்"

அதோடு திரை உறைந்தது. உள்ளே எதுவோ உரசி நின்றுபோனது. பதறிப்போய் அத்தை கூடையை இழுத்ததில் ரௌட்டரின் வயரும் பிடுங்கிக்கொண்டது. மறுபடி இணைத்தபோது இணைய நிறுவனம் எங்கள் இணைப்புக்கு வேறு முகவரி கொடுத்திருந்தது. பழைய முகவரியில் அத்தான் எத்தனை முறை தட்டினாலும் யாரும் திறக்க முடியாது. புதியதை அனுப்பலாம் என்றால், அவருடைய எண் இப்போது உபயோகத்திலேயே இல்லை என்கிறது.

பென்டிரைவில் இருந்ததை என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். வீடு அப்படியே இருந்தது. இப்போது கூடையின் மேல் என் லேப்டாப் ஓடுகிறது. அது சின்னதாகச் சத்தம் போட்டாலும் அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். எல்லாமே அழிந்துவிட்டது என்று அத்தான் நம்பிவிடுவாரோ என்பதுதான் எங்கள் பயம்.

அதனால் இதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் நாலு பேருக்கு அனுப்புங்கள். சுற்றிச் சுற்றி அவர் கண்ணில் பட்டால் போதும்: அத்தான், வீடு பத்திரமாக இருக்கிறது. வாசல் விளக்கு எரிகிறது. அத்தையின் எண் மாறவில்லை.