மேடை ஏறிய ஓவனும் காணாமல் போன பச்சை ஒயரும்

எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் எந்த நாலு நாள் வேலைக்குப் போகவில்லையோ, அந்த நாலு நாளில்தான் அந்த வீட்டில் எல்லாமே நடந்து முடிந்திருக்கும்.

கள்ளக்குறிச்சியில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டியபோது ஒயரிங் வேலை எனக்கு. வீட்டிலேயே கேக் செய்ய வேண்டும் என்பது டீச்சரின் வெகுநாள் ஆசை. அவர் கணவர் ஆரோக்கியசாமி சார், தாலுகா ஆபீஸ் கிளார்க், பாண்டிச்சேரியில் சொல்லி ஒரு ஓவன் வாங்கினார். மேலே நாலு கேஸ் பர்னர், கீழே கரண்டில் சூடாகும் பெட்டி. இடுப்பு உயரத்துக்குத் தரையில் நிற்கும். உடம்பெல்லாம் இரும்பு. கரண்ட் கசிந்தால் மட்டும் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் சரியில்லை என்றால் தொட்டவர் உயிர் போய்விடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சொன்னது நான்தான் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம் அது. உளுந்தூர்பேட்டை தாண்டியதுமே ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓவனோடு நானும் சாரும் வந்த டெம்போ நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து பேர் வந்து தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்கள். போச்சு, நொறுக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். சார் குரலே எழும்பாமல், “அடுப்புங்க” என்றார்.

அவர்கள் சிரித்துவிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து ஓவனைத் தூக்கி, மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற ஒரு டிராக்டரில் ஏற்றினார்கள். தலையில் துண்டு கட்டியிருந்தவர் சாரைப் பார்த்துச் சொன்னார்: “நாங்க ரோட்டுலயே மூணு கல்லு வெச்சி பொங்கித் துன்னுக்கினு கீறோம், உங்களுக்கு இம்மாம் பெரிய அடுப்பா? தூக்குங்கடா, வூட்டுக்காரம்மா காத்துக்கினு இருப்பாங்க!”

உப்பும் கரியும்

எர்த்துக்காகக் கொல்லையில் ஆழக் குழி வெட்டினேன். ஒரு செம்புத் தகட்டை இறக்கி, வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்த கரியையும் கல்லுப்பையும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். குழியிலிருந்து பச்சை ஒயரை இழுத்துச் சுவர் வழியாகச் சமையலறைக்குக் கொண்டுபோய், கரண்ட் ஒயருக்கும் அதற்கும் நடுவே டெஸ்ட் லைட் போட்டால் பளிச்சென்று எரிந்தது, அதாவது எர்த் சரி. கொத்தனார் ஏழுமலை, பூச்சு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து குழியோரம் குந்தி, கடைசிவரை கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு கேட்டார்: “இன்னாங்க இது, கரண்டுக்கும் ஊறுகா போடுவீங்களா?”

மேடை

என் வீடு திருக்கோவிலூர். அதன்பின் மறியலால் நாலு நாள் பஸ் ஓடவில்லை. ஐந்தாம் நாள் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தேன். சமையலறைக்குள் நுழைந்து பார்த்தால், டைல்ஸ் ஒட்டி, பூசி முடித்து, ஓவனைத் தூக்கிச் சமையல் மேடை மேல் வைத்திருந்தார் ஏழுமலை! பர்னர் டீச்சரின் நெற்றிக்கு மேலே இருந்தது. ஓவன் கதவை ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவர் மேல்தான் சாயும்.

ஆள் பிடித்து இறக்கினோம். தரைமட்டம் பார்த்து, சுவருக்கு இடைவெளி விட்டு, முன்னால் சாயாமல் பின்பக்கம் சங்கிலி போட்டு இறுக்கினேன். ஏழுமலைக்கு மனசே ஆறவில்லை. “அடுப்பத் தரையில வெச்சா வர்றவங்க இன்னா நெனப்பாங்க? உங்களுக்கு நாயமா படுதா?” என்றார்.

பால் பொங்கியது

இதற்குள் உள்ளூர் உறவுக்காரர்கள் வந்து கூடிவிட்டார்கள். பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தேன், பச்சை ஒயர் முறுக்கியபடியே இருந்தது. அது போதும் என்று சுவிட்சைப் போட்டேன். உள்ளே கம்பி சிவந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் மேலே பர்னரில் பால் வைத்தார். புது அடுப்பில் பால் பொங்கி வழிய வேண்டுமாம், யாரும் தீயைக் குறைக்க விடவில்லை. பால் பொங்கி, முன்பக்கச் சுவிட்சுகளுக்குள் இறங்கியது.

துடைக்கலாம் என்று டீச்சர் ஈரக் கையோடு கைப்பிடியைப் பிடித்தார். வெறுங்கால், அப்போதுதான் கழுவிவிட்ட தரை. அவர் கத்தவில்லை. வாய் திறந்தபடி நின்றார். கையை எடுக்க முடியவில்லை. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அப்படியே சரிந்து விழுந்தார். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு அம்மா மட்டும் உற்சாகமாகச் சொன்னார்: “சந்தோசத்துல மயக்கம் வந்துட்ச்சி போல, ஒரு சோடா வாங்கியாங்க!”

கொடி

டீச்சர் கண் திறந்து தண்ணீர் கேட்டார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. டாக்டரை அழைக்க சார் ஓடினார். நான் ஓவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெயினை மறுபடி ஏற்றி டெஸ்ட் லைட் போட்டேன். எரியவில்லை. கொல்லைக்குப் போனால், சுவரிலிருந்து வெளியே வர வேண்டிய பச்சை ஒயரைக் காணோம். அந்த இடத்தில் வழுவழுவென்று சிமென்ட் பூச்சு. திரும்பிப் பார்க்கிறேன், முருங்கை மரத்திலிருந்து பாத்ரூம் சுவர் வரை பச்சையாக ஒரு கொடி. அதில் டீச்சரின் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன.

ஏழுமலை சட்டையைப் பிடித்தேன். அவர் மிரண்டுபோய்ச் சொன்னார்: “அதுல கரண்டே வர்லீங்க. டெஸ்டரு வெச்சிப் பாத்துட்டுத்தான் அறுத்தேன். வீணாப் போவுதேன்னு டீச்சருக்குக் கொடி கட்டிக் குடுத்தேன்.”

நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். உள்ளே படுத்திருந்த டீச்சர் என்னைக் கூப்பிடச் சொன்னார். கொத்தனாரைத்தான் திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. மெதுவாகக் கேட்டார்: “அவரு தெரியாம அறுத்துட்டாரு. பாலு வெக்கிறதுக்கு முன்னாடி நீங்க அந்த லைட்டப் போட்டுப் பாத்தீங்களா?”

ஏழுமலையைத் திட்டிய குரலில் கால்வாசிகூட வராமல் “இல்லீங்க டீச்சர்” என்று ஒப்புக்கொண்டேனே, அன்றிலிருந்து நான் ஒயரிங் பார்த்த வீடுகளில் என் டெஸ்ட் லைட் எரிந்த பிறகுதான் பால் அடுப்பேறுகிறது, அதற்குள் அது திரிந்தே போனாலும் சரி.