ஐந்து சீட்டில் இல்லாத ஊர்

என் மகள் எந்த ஊரில் டாக்டருக்குப் படிப்பாள் என்று தெரிந்துகொள்ள, எங்கள் ஊர் அம்மன் காலடியில் ஐந்து சீட்டு எழுதி வைத்தேன். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்போது எனக்குக் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். உத்திரமேரூரில் ஒரு நெல் மண்டியில் எடை போடும் வேலை. மூட்டையில் குத்தூசியை இறக்கி ஒரு கைப்பிடி நெல் எடுப்பேன். இரண்டைக் கடித்துப் பார்த்து, ஈரம் எப்படி, அரைத்தால் அரிசி உடையுமா என்று சொல்லிவிடுவேன். இருபது வருடத்தில் அதில் பெரிதாகத் தவறியதில்லை. வீட்டு விஷயத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. மகள் ஐந்தாவது முடித்ததும் அவளை ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தவன் நான்தான். யார் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாமல் எட்டாவதுக்கு அரசுப் பள்ளியிலேயே கொண்டுவந்து விட்டேன். அதன் பிறகு பன்னிரண்டு வரை அங்கேதான் படித்தாள். ஆறாவதிலிருந்து முழுக்க அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு உண்டு. அந்த வரிசையில் நின்றிருந்தால் என் மகளுக்குச் சிரமமே இருந்திருக்காது. நான் ஆசைப்பட்டுச் சேர்த்த இரண்டு வருடம் குறுக்கே வந்து நின்றது.

மகள் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவள் அம்மா சொல்லிக் காட்டாத நாள் குறைவு.

முதல் முறை நீட் எழுதியபோது மகளுக்கு மதிப்பெண் போதவில்லை. ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தாள். மறுபடி எழுதப் போகும் முன்னே அவளே சொல்லிவிட்டாள்: "நைனா, இந்த தபா வரலன்னா நர்சிங் சேர்ந்துடறேன். மூணாவது தபாலாம் ஒக்கார மாட்டேன்." சொன்ன சொல் மாறாத பெண். அதனால் எங்களுக்கு இது கடைசி முறை. தனியார் கல்லூரிக் கட்டணம் எங்களுக்கு எட்டாது. அரசுக் கல்லூரியில் ஓர் இடம் வர வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

இரண்டாம் முறை மதிப்பெண் நன்றாகவே வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தம்பி, போன வருடம் எந்த ஊர்க் கல்லூரியில் எங்கள் பிரிவுக்கு எந்த மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்ற பட்டியலை எடுத்துக் கொடுத்தார். மண்டியில் மத்தியான நேரம் லாரி வராதபோது அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திருவண்ணாமலையில் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையைவிட என் மகளுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் கூட. விழுப்புரத்துக்கு இன்னும் கூட. செங்கல்பட்டுக்குத்தான் குறைவு.

எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். காலையில் முதல் பேருந்து பிடித்தால், மகளைப் பார்த்துவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதற்குள் அடங்கும் ஊர்கள் ஐந்து. செங்கல்பட்டு, திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம். அதற்கு அப்பால் பெண்பிள்ளையை அனுப்பும் எண்ணமே எனக்கு இல்லை. அந்த ஐந்தில் எது என்று நானாக முடிவு செய்யவும் பயம். பள்ளிக்கூட விஷயத்தில் நானாகச் செய்த முடிவைத்தான் பார்த்தோமே.

ஒரு வெள்ளிக்கிழமை, மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஐந்து ஊர் பேரையும் எழுதி, ஒன்றுபோல மடித்து, குங்குமத் தட்டில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பூசாரி தட்டை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். திருவண்ணாமலை.

"ஆத்தா அப்பன் ஊட்டுக்கே அனுப்பறா. இன்னா குறச்சல் ஒனக்கு?" என்றார் பூசாரி.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பன்னிரண்டு மதிப்பெண் கூட இருப்பதும், சீட்டில் அதே ஊர் வந்ததும் ஒன்றோடொன்று பொருந்தியது. எடுத்த சீட்டைப் பிரித்தபடி வீட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மடித்திருந்த நான்கையும் கூடவே வைத்தேன். அந்த மாதம் முழுக்க மண்டியில் யார் கேட்டாலும் "திருவண்ணாமலை" என்றே சொன்னேன்.

பிறகு தரவரிசைப் பட்டியல் வந்தது.

சென்டரில் மகள் தன் எண்ணைத் தட்டினாள். திரையில் அவள் பெயர் வந்தது. பக்கத்தில் இருந்த தரவரிசை எண்ணை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். சென்டர் தம்பி எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இந்த வருசம் பசங்க எல்லாரும் மார்க் அள்ளிக்கினு வந்துக்கிறாங்க. போன வருசத்து மார்க்க வெச்சி பாத்தது இப்ப செல்லாது. இந்த நம்பருக்குத் திருவண்ணாமல வர்றது கஷ்டம்."

"பன்னெண்டு மார்க் கூட கீதேப்பா."

"போன பட்டத்து நெல்ல கடிச்சிப் பாத்துட்டு இந்தப் பட்டத்து நெல்லுக்கு வெல சொல்லுவியாண்ணே நீ?"

என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டார்.

அடுத்த வேலை, எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகக் கம்ப்யூட்டரில் பதிந்து பூட்டுவது. பூட்டிவிட்டால் மாற்ற முடியாது. அதற்கு இரண்டு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு நீளமான பட்டியலை எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். கன்னியாகுமரி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது?"

"எல்லா அரசாங்க காலேஜும் நைனா. முப்பத்திச் சொச்சம் வருது."

"அஞ்சி போதும். ஆத்தா சொன்ன ஊர மொதல்ல போடு. மத்த நாலையும் பின்னால போடு."

"அஞ்சுலயும் வரலன்னா?"

"வரும். சீட்டுல வந்துகீது."

"எனக்கு நம்பிக்க இல்லன்னு சொல்லல நைனா. எழுதி வெச்சா இன்னா நஷ்டம்?"

நான் விடவில்லை. முப்பது ஊரையும் எழுதிக் கொடுத்தால் எது கிடைத்தாலும் போதும் என்று அலைகிறவர்கள் போல ஆகிவிடும், நம்மை மதிக்க மாட்டார்கள் என்றேன். பெண் பார்க்கப் போகிறவன் தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக் கதவையும் தட்டினால் ஒரு வீட்டிலும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்றேன். அம்மன் வாக்குக் கொடுத்த பிறகு இன்னும் முப்பது இடத்தில் கேட்டால் அவளை நம்பவில்லை என்றுதானே ஆகும் என்றும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதுதான் என் மனதில் உண்மையாக இருந்தது. மகள் பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அழவும் இல்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

என் மனைவி ரவிக்கை தைக்கிறவள். அவ்வளவு நேரம் மிஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டிருந்தவள், அப்போது காலை எடுத்தாள்.

"ஏங்க, அந்தச் சீட்ட யாரு எழுதனது?"

"நாந்தான்."

"ஊரு பேரு யாரு தேர்ந்து எடுத்தது?"

"நாந்தான்."

"அஞ்ச மட்டும் எழுதி வெச்சிட்டு, இதுக்குள்ளாற ஒண்ண சொல்லுன்னா ஆத்தா இன்னா பண்ணுவா? ஆறாவதா ஒரு ஊர குடுக்கணும்னு அவ நெனச்சிருந்தா எந்தச் சீட்டுல வந்து சொல்லுவா? அவ வாயக் கட்டிப்புட்டு வாக்கு கேட்டுக்கினு வந்துகிற நீ."

நான் சாமி படத்துப் பக்கம் திரும்பினேன்.

"இங்கிலீசு ஸ்கூலுக்கும் இப்டிதான். நீ முடிவு பண்ணிட்டு சாமி மேல போட்ட" என்றாள். மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அது உண்மை. அந்தப் பள்ளியில் சேர்க்கும் முன்பும் நான் கோயிலுக்குப் போயிருந்தேன். பூ விழுந்தது என்று வந்து சொன்னேன். இதே பள்ளி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுப் பூ விழவில்லை. நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டியபோது விழுந்தது. அந்தப் பள்ளிக்குத்தான் விழுந்தது என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மண்டிக்குப் போகும் முன் மகளையும் அழைத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். "எல்லாத்தியும் எழுதும்மா" என்றேன். அவள் என் முகத்தை ஒரு முறை பார்த்தாள், பையிலிருந்து பட்டியலை எடுத்தாள். இரவே எழுதி முடித்திருக்கிறாள்.

அவ்வளவு ஊர் எழுதுவதில் தவறில்லையா என்று தம்பியிடம் இன்னொரு தடவை கேட்டேன்.

"அது மிஷின்ணே. அதுக்கு மரியாதயும் தெரியாது, அலையறதும் தெரியாது. மேலேந்து ஒண்ணொண்ணா பாத்துக்கினே வரும். கெடச்ச எடத்துல நிக்கும். கீழ எழுதி வெக்கலன்னா அப்டியே வெளிய போயிடும். நம்மூர்ல அந்தக் காலத்துல பானைல ஓல போட்டு ஆள எடுத்தாங்களே, ஓலையில பேரே எழுதாதவன் எவனாச்சும் ஜெயிச்சானா?"

"அதெல்லாம் கல்வெட்டு பாக்க வர்றவங்ககிட்ட சொல்லு" என்றேன். அவர் சிரித்தார்.

முதலில் செங்கல்பட்டைப் போட்டாள். கிடைக்காத ஊரை ஏன் மேலே போடுகிறாள் என்று வாய் வரை வந்தது, சும்மா இருந்தேன். இரண்டாவது திருவண்ணாமலை. அதற்கடுத்து என்னுடைய மீதி மூன்று ஊர். பிறகு, ரயில் போகும் ஊர்களை முன்னாலும் போகாத ஊர்களைப் பின்னாலும் எழுதிக்கொண்டே போனாள். நான் பத்து வரைக்கும் கவனித்தேன். அதற்கு மேல் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் போனுக்கு வந்த எண்ணை அவளிடம் சொன்னேன். அவள் பூட்டினாள்.

முடிவு வந்த அன்று மண்டியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. மகள் போன் செய்தாள்.

"நைனா, வந்துட்டுது."

"திருவண்ணாமலையா?"

"இல்ல. ராமநாதபுரம்."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "அது எங்கம்மா கீது?"

"ராமேசுவரம் போற வழில. அரசாங்க காலேஜுதான் நைனா. எம்.பி.பி.எஸ்."

அவள் பட்டியலில் அது இருபத்து மூன்றாவது. திருவண்ணாமலையும் வரவில்லை, விழுப்புரமும் வரவில்லை. என் ஐந்து சீட்டில் ஒன்றுகூட வரவில்லை. நான் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஐந்தோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் அவள் நர்சிங் விண்ணப்பம் வாங்கப் போயிருப்பாள். அந்த நினைப்பு இப்போதும் சில நாள் வேலைக்கு நடுவில் வந்து கையை நிறுத்திவிடுகிறது.

வீட்டில் மனைவி அழுதுகொண்டே பாயசம் வைத்திருந்தாள். "அவ்ளோ தூரம் புள்ளய அனுப்பணுமா" என்றேன். "காசிக்குப் போயிட்டு வர்றவன்லாம் அந்தப் பக்கந்தான் போறான். நீ ஒம் பொண்ண வுட்டுட்டு வரப் போவ மாட்டியா?" என்றாள்.

செங்கல்பட்டில் ரயில் ஏறி மூன்று பேரும் போனோம். விடிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கருவேலங்காடு, வறண்ட கண்மாய். எங்கள் ஏரியைப் பார்த்த கண்ணுக்கு என்னவோ போல இருந்தது. கல்லூரியில் சேர்த்து, விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, டீ குடிக்க வெளியே வந்தேன். டீக்கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு நெல் மண்டி. வாசலில் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. இரண்டு எடுத்துக் கடித்துப் பார்த்தேன். ஈரமே இல்லை, பழைய நெல். மழையை நம்பி விளைகிற ஊரில் நெல்லை இப்படிக் காயவைத்து வைத்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். "இங்கயும் வந்து நெல்லதான் கடிப்பியா?" என்றாள்.

இரண்டாம் சுற்றில், சேர்ந்த பிள்ளைகள் வேறு ஊருக்கு இடம் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். ஒரு சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"கிட்ட ஊருக்கு கேக்கட்டா நைனா? போய் ஆத்தாகிட்ட சீட்டு போட்டுப் பாத்து சொல்லு."

கிண்டல் என்று தெரிந்தது. "சீட்டெல்லாம் வேணாம். ஒனக்கு அந்த ஊரு எப்டிகீது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் தோன்றியது, எந்த ஊர் வேண்டும் என்று அவளிடம் நான் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"தண்ணி உப்பு. மத்தபடி நல்லாகீது. ஆஸ்பத்திரிக்கு வர்றது எல்லாம் மீன் பிடிக்கிறவங்க, உப்பளத்துல வேல செய்றவங்க. அவங்க பேசறது எனக்குப் பாதி புரியல, நான் பேசறது அவங்களுக்குப் புரியல."

"அப்ப நீயே பாத்து எழுதும்மா."

செங்கல்பட்டு ஒன்றை மட்டும் எழுதினாளாம். அது வரவில்லை. அங்கேயே இருக்கிறாள்.

ஐந்து சீட்டையும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்தேன். ஏரியில் விட்டுவிடுவதாகச் சொன்னார். அம்மன் பொய் சொன்னாள் என்று ஒரு நாளும் நான் நினைக்கவில்லை. கேட்டவன் கேட்ட விதம் அப்படி.

இப்போதும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். தட்டு கொண்டுபோவதில்லை. ராமநாதபுரத்தில் இருக்கிறவளைப் பார்த்துக்கொள் தாயே என்று ஊர் பேரையும் சேர்த்துச் சொல்கிறேன். அம்மனுக்கு அந்த ஊர் தெரியும். எனக்குத்தான் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.