சயாம் ரயிலின் எஞ்சின்

நான்காம் வகுப்பில் என்னைவிட உரக்கக் கத்தக்கூடியவர்கள் யாரும் இல்லை. ஆகவே வாத்தியார் திடலில் ரயில் விட்டபோது எஞ்சின் பதவி எனக்கு வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளி. ஜப்பான்காரன் சண்டைப் பாடத்தை வாத்தியார் புத்தகத்தில் தொடங்கவில்லை. சுண்ணாம்புத் தூளால் தரையில் நாடுகளை வரைந்தார். எங்கள் மலாயாவில் ஒரு ரப்பர் ஷீட்டும், ஈயத்துக்காக ஒரு காலி டின்னும் வைத்தார். சுமத்ராவில் ஒரு மண்ணெண்ணெய்ப் போத்தல். ஜப்பானில் எதுவும் வைக்கவில்லை.

"சண்டைக்கு முன்னால என்ன இருந்துச்சுன்னு பாருங்க. அவங்கிட்ட இல்ல, இங்க இருக்கு," என்றார்.

அப்பா ரப்பர் மரம் சீவி எடுக்கும் பாலுக்காக ஒருவன் கப்பலேறி வந்தான் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பர்மாவிலிருந்த ஜப்பான் படைக்குச் சாமான் போக வேண்டும். கடலில் போனால் ஆபத்து. அதனால் சயாம், அதாவது தாய்லாந்து, காட்டுக்குள் தண்டவாளம் போட்டார்கள். போட ஆள்? தோட்டங்களிலிருந்து. "சிரம்பான்லேருந்து ரயில் கெளம்பட்டும்," என்றார். வகுப்பே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றது. கூவென்று ஊதினேன்.

சயாம் எல்லைக்கோட்டைத் தாண்டும் நேரத்தில் அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. புல்வெட்டு முடிந்ததும் என்னைக் கூட்டிப்போக வருவாள். மாமா சண்டைக் காலத்தில் அந்தத் தண்டவாளம் போட சயாமுக்குப் போனவர்; திரும்பி வரவில்லை. கோலா கிளாவாங்கில் சித்தப்பா இருப்பதைப்போல சயாமில் மாமா இருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சாவுச் செய்தி வராததால் அத்தை தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடலாமா என்று பெண்கள் குசுகுசுப்பார்கள். அத்தை நெற்றி நிறையக் குங்குமத்தோடு தானே போய்த் தட்டை எடுத்துக்கொள்வாள்.

அன்றைக்கும் யாரையும் கேட்காமல் திடலுக்குள் நடந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"இவள அனுப்ப மாட்டேன் சார்."

"பாடம்தாம்மா இது. சும்மா வெளையாட்டுலா."

"ஏத்திக்கிட்டுப் போறதையே காட்டுறீங்க. ஒரு தடவ திருப்பிக் கொண்டாந்து காட்டுங்களேன்."

வாத்தியார் எல்லாரையும் அப்படியே திரும்பி நிற்கச் சொன்னார். சயாமிலிருந்து சிரம்பானுக்கு ரயில். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எஞ்சினாக இருந்தவள் கடைசிப் பெட்டியாகிவிட்டேன். கடைசிப் பெட்டி ஊதவும் முடியாது.

அத்தை சிரம்பான் என்று போட்டிருந்த கோட்டுக்கு அருகே போய் நின்றாள். இறங்கிய ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் உற்றுப் பார்த்தாள். நானும் இறங்கினேன். வீட்டுக்குப் போகலாமென்று கையை இழுத்தேன். அவள் அசையவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதான் அத்த. நான்தான் கடைசி," என்றேன், விடை தெரிந்தவளின் குரலில்.

"இரு," என்றாள்.

எதற்கு இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. ரயில்தான் காலியாகிவிட்டதே.