குச்சி வாங்கிய தோட்டம்

காமயகவுண்டன்பட்டியில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் உண்டு. பழம் வெட்டும் நாளில் எந்தத் தோட்டத்துக்கு எந்த வழியாகப் போவது என்று வேன்காரர்களுக்குள் ஓயாத சண்டை. அவர்களுக்காகக் குறைந்த தூர வழியைக் கண்டுபிடிக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். மேலே இருக்கும் என் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. அதுதான் லைசென்ஸ். அந்தப் பெயரை நானே அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்வேன்.

என்னோடு கல்லூரியில் படித்தவள் ஒருத்தி இப்போது தேனியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கூடலூரிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர்களுக்காக அவளும் ஒரு நிரல் எழுதி வெளியிட்டிருந்தாள். திறந்ததும் நேராக வழி கண்டுபிடிக்கும் பகுதிக்குப் போனேன். வரிக்கு வரி என்னுடையது. எனக்குக் கோபம் வந்தால் கை நிற்காது. 'இது என் நிரல். திருடி, என் பெயரை அழித்திருக்கிறார்கள்' என்று எல்லோரும் பார்க்கும் பக்கத்திலேயே எழுதிவிட்டு, கொடிக்கு மருந்தடிக்கப் போய்விட்டேன்.

பேச்சு ஜீப் ஸ்டாண்டு வரை போய்விட்டது. திருட்டுச் சரக்கு நமக்கெதற்கு என்று அவர்கள் அவள் நிரலை ஒதுக்கினார்கள். கல்லூரியிலும் அவளிடம் விளக்கம் கேட்டார்கள். எனக்குப் போன் செய்தவள் அழவில்லை, திட்டவுமில்லை.

"ஏப்பா, நாம ரெண்டு பேரும் ஒரே பொஸ்தகத்தத்தான படிச்சோம்? அத எடுத்துப் பாரு. அப்பறம் என் ஃபைலோட தலையையும் பாரு."

புத்தகம் பரண்மேல் கிடந்தது. அதே வரிகள் அச்சில் இருந்தன. படிக்கிற காலத்தில் அடித்து அடித்துக் கை பழகி, அது என் மூளையில் முளைத்தது என்றே நம்பிவிட்டிருக்கிறேன். வழிமுறை யாருக்கும் சொந்தமில்லைதான். எழுதிய வரிகள் அந்த ஆசிரியருடையவை. நிரல்களை யாரும் பயன்படுத்தலாம், எடுத்த இடத்தைச் சொன்னால் போதும் என்று முன்னுரையில் அவர் எழுதியிருந்தார். நான் ஊருக்குப் போட்ட அதே நிபந்தனை.

அவள் ஃபைலின் தலையில் அந்தப் புத்தகமும் அத்தியாயமும் இருந்தன. அதற்கடியில், பழ வேனுக்கு இதைச் செய்தவரைப் பார்த்துத்தான் ஜீப்புக்குச் செய்யத் தோன்றியது என்று என் பெயர்.

அப்போதும் புத்தி வரவில்லை. சத்தமில்லாமல் நான் எழுதியதை அழித்தேன். அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"அழிச்சா ஆச்சா? ஸ்டாண்டுல வந்து சொல்லு."

போய்ச் சொன்னேன். நின்றுகொண்டிருந்த ஜீப்காரர்களில் ஒருவர், "ஒங்க தோட்டத்துக் கொடி யாரு குடுத்த குச்சி?" என்று கேட்டார்.

"இங்கன ஓடைக்கரைத் தோட்டத்துல குடுத்தாக" என்றேன். யோசிக்காமல் வந்தது. எங்கள் பக்கம் வேறு தோட்டத்துக் கொடியில் வெட்டிய குச்சியை வாங்கி நட்டவர்கள், யார் கேட்டாலும் கொடுத்த தோட்டத்தைச் சொல்லிவிடுவார்கள்.

"அது தெரியுதுல்ல" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் நிரலை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கல்லூரிக்கும் என் தவறென்று எழுதிக் கொடுத்தேன். என் நிரலில் புத்தகத்தின் பெயரைச் சேர்த்தேன். பிறகு, உன் ஃபைலிலிருந்து என் பெயரை எடுத்துவிடு என்று அவளிடம் கெஞ்சினேன்.

"அது ஒனக்காகப் போட்டதில்லப்பா. எடுத்த எடத்தச் சொல்லணும்ல, அதுக்குப் போட்டது" என்றாள்.

என் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் திறப்பதேயில்லை.