கட்டில் அகலத்துக்கு ஒரு சட்டம்

பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைப்பதற்குச் சட்டம் வேண்டும். நான்கு மரக்கட்டைகள், நான்கு மூலையிலும் கயிறு, அவ்வளவுதான். துணியை விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் ஓட்டுத்தையல் சுருங்காமல் ஓடும். பாரூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தது ஆள் உயரத்துக்கு மேல் நீளம். மாட்டுக்கொட்டகையில் போட்டுத் தைப்பேன். ஓசூருக்கு மகனிடம் வந்தபோது அதைக் கொண்டுவர முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. வேனில் அவரைக் கிடத்திய பிறகு கட்டைக்கு ஏது இடம்?

மகன் வீடு ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல் மூலை. கூடத்தில் அவர் கட்டில். வாசலைப் பார்த்துப் போடச் சொன்னவள் நான்தான். கம்பெனி பஸ் போவது, எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா கோலம் போடுவது எல்லாம் படுத்தபடியே தெரியும். அவருக்குப் பேச்சு பாதிதான் வரும். கண் முழுதாக இருந்தது.

குளிர் வந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் என் பழைய போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கட்டுச் சேலை கொண்டுவந்து கொடுத்தார்கள். கை சும்மா இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. மகன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிறவள் என்று ஒருத்தி வாயில் நான் விழமாட்டேன். சட்டம் போட வேண்டும். எந்த அளவில் என்பதில்தான் பேச்சு வந்தது.

"பெருசாவே போட்டுடலாம் அத்த. மாமா கட்டில பின்னாடி வராண்டாவுல போட்டு ஒரு ஷீட்டு அடிச்சிட்டா, கூடம் பூரா காலிதான?" என்றாள் மருமகள். கெட்ட எண்ணம் இல்லை. தையல் கம்பெனியில் நாளெல்லாம் நெருக்கியடித்து வேலை செய்கிறவள். இடம் என்றால் காலி செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"சட்டத்துக்கு எடம் பண்ண மனுசன வெளிய தள்றதா? அதுக்கு நான் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துக்குவேன்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னன் அத்த. கோவத்துக்கு மட்டும் ஒங்களுக்கு இந்த வூடு பத்தாது."

அவர் கட்டில் நகரக் கூடாது. என் ஊசியும் நிற்கக் கூடாது. மகன் ஒரு வழி சொன்னான். "மேல கொக்கி இருக்குதேம்மா. கட்டிலுக்கு மேல தொங்க விடலாம். தைக்கறப்ப எறக்கிக்க, இல்லன்னா ஏத்திடு." எனக்கும் சரியென்று பட்டது.

உத்தனப்பள்ளி ரோட்டில் கம்பெனிகளுக்கு மரப்பெட்டி அடிக்கிற ஒருவரிடம் போனோம். "எத்தன அடிம்மா?" என்றார். அடிக்கணக்கு எனக்கு வராது. கூடத்தை அளந்து முடிச்சுப் போட்டுவைத்த கயிற்றை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதன்படியே அறுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மகன் ஏணி போட்டு ஏற, மூலைக் கயிறுகளை நான் கட்டினேன். எனக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான், எங்கள் ஊர்க்கட்டு. வெள்ளைப் புடவை ஒன்றை அடியில் விரித்துச் சட்டத்தை மேலே தூக்கினோம்.

அவர் படுத்தபடி அதையே பார்த்தார். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பாடை கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். முடிச்சு முடிச்சாகப் பார்த்தார்.

"பாடை," என்றார். அன்றைக்கு அந்தச் சொல் மட்டும் வாயில் தெளிவாக வந்தது. பிறகு கோணிய வாயால் சிரித்தார். "நீயே... கட்டிட்டியாடி?"

மகன் ஏணியிலேயே நின்றுவிட்டான். "எறக்குடா," என்றேன்.

மறுநாளே கட்டைகளைப் பெட்டிக்காரரிடம் திரும்பக் கொண்டுபோனோம். இந்த முறை நான் கொண்டுபோனது கட்டிலின் அகலத்தை அளந்த கயிறு.

"நல்ல கட்டைம்மா, இத வெட்டச் சொல்றீங்களே?"

"வெட்டுப்பா. கயிறு வேணாம், ஆணி போட்டு முடுக்கிக் குடு."

அந்தச் சட்டம் கட்டிலின் இரண்டு பக்க விளிம்பிலும் உட்கார்ந்தது, அவர் முழங்காலுக்கு மேலே. துணியை ஒரு முனையில் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும், வேலை இரட்டிப்பு. பெரிய போர்வை ஒரே விரிப்பில் வராது. ஆனாலும் அவர் கூடத்திலேயே இருந்தார், வாசல் தெரிந்தது. நல்ல கையால் துணியின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் கோணலாகப் போனால் ஒரு விரலால் தட்டுவார்.

"தெரியுது, கம்முனு கெட," என்பேன். மறுபடியும் தட்டுவார்.

அந்தக் குளிர்காலமும் அடுத்த மழைக்காலமும் அப்படித் தைத்தோம். இப்போது வாசல் பக்கம் அவர் பார்ப்பதில்லை. போன வாரம் துணி என் பக்கம் தொய்ந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கை ஓரத்தின்மேல்தான் இருந்தது, பிடி இல்லை. கண் திறந்திருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே கோணலாக நான்கு தையல் போட்டேன். விரல் அசையவில்லை.

அவர் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். அந்த ஓரத்தைக் கட்டில் சட்டத்தோடு ஒரு நாடாவால் கட்டினேன். துணி விறைப்பாகத்தான் நின்றது. கோணல் தையலைப் பிரித்துவிட்டு, நேராகப் போட்டேன்.