வெடிக்காரர் உரலில் இடித்த கரி

பீங்கான் கிண்ணத்தில் ஒரு சிட்டிகைக் கரித்தூள். அதன்மேல் கண்ணாடிக் குழாயின் முனையைக் காட்டி டெமான்ஸ்டிரேட்டர் சார் ஹைட்ரஜனைத் திறந்துவிட்டார். தீக்குச்சி இல்லை, விளக்கு இல்லை. தூள் மெல்லச் சிவந்தது. 'டப்'பென்று குழாய் முனையில் தீ பற்றியது. சார் என்னைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த காலம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் நான் தற்காலிக அட்டெண்டர். சாருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் படித்து வந்தவர். நான் குப்பி கழுவிக் கழுவி, அதில் ஒட்டியிருந்த பெயர்களை வாசித்தே கற்றுக்கொண்டவன். பிளாட்டினம் பட்டால் ஹைட்ரஜன் தீக்குச்சி இல்லாமலே பற்றும். ஆனால் வெறும் பிளாட்டினத் தூள் கொஞ்ச நாள்தான் வேலை செய்யும்; பிறகு சூட்டில் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி மந்தமாகிவிடும். அதையே கரைசலாக்கித் தேங்காய்ச் சிரட்டைக் கரியில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தினால், கரியின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் உலோகம் தனித்தனியாக உட்கார்ந்துகொள்ளும் என்பது சாருடைய எண்ணம். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுவார்: "கல்யாணப் பந்தியில ஆளுக்கொரு இடத்துல நிண்ணாத்தான் விளம்பு நடக்கும் ஓய். எல்லாரும் ஒரு மூலையில கூடிட்டானுவண்ணா கதைதான் நடக்கும்."

இதைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் சாருக்கு ஆராய்ச்சி இடம் உறுதி. மிச்சமிருந்த பிளாட்டினக் கரைசல் முழுவதையும் அந்த ஒரு தடவைக்கே எடுத்து வைத்தார். "கரியக் கழுவி, காயவச்சு, பீங்கான் உரல்ல நீரே அரையும் ஓய். பூப்போல இருக்கணும்."

ஒரு நாள் அரைத்தேன். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். மறுநாள் கரியைத் தூக்கிக்கொண்டு, கோயில் திருவிழாவுக்கு வெடி செய்பவர் வீட்டுக்குப் போனேன். அவரும் சிரட்டைக் கரியைத்தானே மாவாக இடிக்கிறார்! "என்ன மக்கா, காலேஜுலயும் கொடியேத்தா?" என்று சிரித்துவிட்டு மர உரலைக் காட்டினார். தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் உரலை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் இடித்தேன். சந்தனம் மாதிரி வந்தது தூள். சார் விரலில் தேய்த்துப் பார்த்து, "கெட்டிக்காரரு ஓய் நீரு" என்றார்.

பேராசிரியர் முன்னால், பிளாட்டினம் ஏற்றிய அந்தத் தூள் சிவக்கவேயில்லை. சார் குழாயை அருகில் கொண்டுபோனார், விலக்கினார், வேறு கிண்ணத்துக்கு மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. பேராசிரியர் நல்ல மனிதர்; "விடுமுறைக்குள் திரும்பச் செய்து காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"எந்த உரல்ல அரைச்சீரு?" என்று சார் கேட்டார்.

"நம்ம உரல்லதான் சார்."

அன்று நான் மறைத்தது என் சோம்பலை மட்டும்தான். அடுத்த வாரம் வகுப்பில் சார் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். "பிளாட்டினத்துக்கு எமன் கந்தகம். தூசி அளவு போதும், வேலை நிண்ணுரும்" என்றார். வெடிமருந்து என்றால் கரி, வெடியுப்பு, கந்தகம். கந்தகமும் அதே மர உரலில்தான் இடிபட்டிருக்கும்.

அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. வீணான தூளிலிருந்து பிளாட்டினத்தைத் திரும்ப எடுக்க அவருக்குத் தெரியும். தெரியாதது அந்த உரல் ஒன்றுதான். ஆனால் என் வேலை நிரந்தரமாகும் காகிதம் அந்த மாதம்தான் வரவேண்டியிருந்தது. வரட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். காகிதம் வந்தது. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்றிருந்தேன். முதலில் பற்றியது தற்செயல் என்று நினைத்துச் சார் திரும்பச் செய்து பார்க்கவேயில்லை; விடுமுறையும் வந்துவிட்டது.

இன்று என் பேத்தியின் கல்லூரிப் புத்தகத்தில், கரியில் உலோகத் துணுக்குகளைப் பதிப்பது ஒரு தனிப் பாடம். அவள் சத்தம் போட்டுப் படிக்கும்போது நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுகிறேன்.

சார் திருவட்டாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகப் போனார். வழியனுப்ப நான்தான் பஸ் வரைக்கும் போனேன். "கரி நல்ல கரிதான் ஓய், நீரும் நல்லாத்தான் அரைச்சீரு. நான் நெனச்சதுதான் தப்பு" என்றார். ஒருவர் தன்னையே தப்பாக எண்ணிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறார். அதைத் திருத்துகிற சொல் என் வாயில் இருக்கிறது. கண்டக்டர் விசிலடித்தார்.

"பெட்டிய மேல ஏத்தட்டா சார்?" என்று கேட்டேன்.